பாலையில் நான்கு இரவுகள்

மலேசியத் தமிழாசிரியர்க்கு ஐந்திணையில் நான்கினை விளக்குவதில் பெரிய தொல்லை இல்லை. குறிஞ்சி என்றால் கேமரன் மலையைச் சொல்லலாம். கெந்திங் மலையையாவது பார்த்திராத மாணவர் கிள்ளானில் அரியர். முல்லைக்காகக் காட்டைத் தேடிச் செல்ல வேண்டிய நாடன்று இது. மருதத்துக்குத் தஞ்சோங் காராங்கும் சிகிஞ்சானும் பச்சைப் பசேலென்று விரிந்து கிடக்கின்றன. நெய்தலுக்குப் பூலாவ் கெத்தாம் இருக்கிறது. படகேறினால் கருவாட்டு மணமே பாடத்தை நடத்திவிடும். பாலை என்று வரும்போதுதான் ஆசிரியர் சன்னலை விட்டுக் கரும்பலகையின் பக்கம் திரும்ப வேண்டியதாகிறது.

கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் நான் தமிழ் இலக்கியம் கற்பித்தேன். வேனிலும் நண்பகலும் பாலையின் பொழுதுகள், கொற்றவை அதன் தெய்வம், எயினரும் மறவரும் அதன் மாந்தர், வற்றிய சுனையும் கிணறும் அதன் நீர் என்று எழுதிப் போடுவேன். எழுதி முடிப்பதற்குள் வெளியே மழை பிடித்துக்கொள்ளும். கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல் மழையைப் பற்றி இதனைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தகரக் கூரையின்மேல் அது இறங்கும்போது முன்வரிசை மாணவருக்கே என் குரல் எட்டாது. நீரின்மையை இவ்வளவு உரத்த குரலில் கத்திச் சொல்ல வேண்டிய நிலைமை வேறெந்த நாட்டுத் தமிழாசிரியர்க்கும் வாய்த்திருக்குமோ, அறியேன்.

ஒருமுறை ஆறாம் படிவ மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, வழி இவ்வளவு கொடியது என்று தெரிந்தும் தலைவன் ஏன் போகிறான்?” என்று கேட்டாள். பொருள் தேடப் போகிறான் என்றேன். “பக்கத்து ஊரில் பொருள் கிடைக்காதா, ஐயா?” வகுப்பே சிரித்தது. “உன் கொள்ளுப்பாட்டனாருக்குப் பக்கத்து ஊரிலேயே பொருள் கிடைத்திருந்தால் நீ இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கமாட்டாய், அம்மா” என்றேன். சிரிப்பு அடங்கிவிட்டது. பொருள்வயிற் பிரிவு என்னும் துறைக்கு அதற்குமேல் அன்று விளக்கம் தேவைப்படவில்லை.

2019-ஆம் ஆண்டு ஏப்ரலில், நான் ஓய்வுபெற்ற மறு ஆண்டில், லாஸ் ஏஞ்சல்ஸில் பொறியாளனாக இருக்கும் எங்கள் ஒரே மகன் எங்களை அங்கு அழைத்திருந்தான். கடற்கரையைக் காட்டினான், பெரிய நூலகத்தைக் காட்டினான். இன்னும் எதைப் பார்க்க ஆசை என்று கேட்டபோது, “பாலையைக் காட்டு” என்றேன். என் துணைவியார் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன். இவ்வளவு தொலைவு வந்து, காசு கொடுத்து வெயிலில் நிற்க வேண்டுமா என்பது அதன் பொருள்.

நகரிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் சென்றோம். ஜோஷுவா மரத் தேசியப் பூங்கா என்பது அந்தப் பாலைவனத்தின் பெயர். பாலைவனத்துக்குப் பூங்கா என்னும் பெயர் பொருந்துமா என்று தமிழ்ச் செவி முதலில் தயங்கத்தான் செய்யும். ஏறத்தாழ 3,200 சதுரக் கிலோமீட்டர் பரப்பு. நம் சிலாங்கூர் மாநிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. மொகாவி, கொலராடோ என்னும் இரு பாலைகள் அதனுள்ளே ஒன்றையொன்று தொடுகின்றன. நாங்கள் தங்கியது பூங்காவின் மேற்கு வாயிலிலிருந்து அரைமணித் தொலைவில், பயனியர்டவுன் என்னும் சிற்றூரில் இருந்த ஒரு மர விடுதி.

இந்த ஊரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1946-இல் ராய் ராஜர்ஸ், டிக் கர்ட்டிஸ் முதலிய ஹாலிவுட் நடிகர்கள் சேர்ந்து தொடங்கிய ஊர் இது. குதிரை வீரர் படங்களை எடுப்பதற்கென்றே அமைத்தார்கள். 1870-களின் மேற்கு அமெரிக்கச் சிற்றூர் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணினார்களோ அப்படியே ஒரு மண் தெரு. இருபுறமும் வங்கி, சிறைச்சாலை, குதிரை லாயம், மதுக்கூடம். முகப்பு மட்டும் அந்தக் காலத்தது. உள்ளே இந்தக் காலத்து மக்கள் குடியிருக்கலாம். படப்பிடிப்புக் கொட்டகையையே ஊராக்கி அதில் வாழவும் செய்வோம் என்னும் துணிவு அவர்களுக்கு இருந்தது. 1940-களிலும் 50-களிலும் ஏராளமான திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் அங்கே உருவாயின. பிறகு அத்தகைய படங்களின் காலம் முடிந்தது, ஊர் நின்றுவிட்டது.

அந்தத் தெருவில் கால் வைத்தவுடன் எனக்கு நினைவில் வந்தவர் ராய் ராஜர்ஸ் அல்லர், நம் ஜெய்சங்கர். கர்ணன் இயக்கிய ‘கங்கா’ 1972-இல் வெளிவந்தது. பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த எங்கள் தலைமுறைப் பையன்களுக்குத் துப்பாக்கியைச் சுழற்றி உறையில் செருகும் கலையைக் கற்பித்தது தமிழ்தான், ஆங்கிலமன்று. இரயில்வே குடியிருப்பின் பின்புறச் சந்தில் ஆளுக்கொரு தொப்பியோடு அலைந்திருக்கிறோம். கலிபோர்னியாவின் தெருவை ஹாலிவுட்டார் போலி செய்தார்கள். அந்தப் போலியைத் தமிழ்நாட்டார் போலி செய்தார்கள். அதனைப் பிரிக்பீல்ட்ஸ் சந்தில் நாங்கள் போலி செய்தோம். இத்தனை கைமாறி வந்த ஒன்றின் பிறப்பிடத்தில் நின்றபோது, அங்கும் அது முகப்புப் பலகையாகவே இருந்தது கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது.

மேனாட்டுப் பாணி விடுதிகள் நமக்குப் புதியனவல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் மலாயா முழுவதும் சாலையோர ஓய்வு விடுதிகளைக் கட்டினார்கள். கேமரன் மலையில் இங்கிலாந்துக் கிராம வீட்டைப் போலவே 1937-இல் எழுந்த விடுதி இன்றும் புகழோடு இருக்கிறது. வெப்ப நாட்டில் கணப்பு மூட்டி, பிறந்த ஊரில் இருப்பதாகப் பாவனை செய்துகொண்டவர்கள் அவர்கள். அந்தப் பாவனைக்கு வேண்டிய சாலைகளைப் போடும் வேலையிலும், விடுதிகளின் சமையலறையிலும் தமிழர் இருந்தனர். எங்கள் குடும்பத்தில் விடுதி என்ற சொல்லுக்கு நெடுங்காலம் பின்வாசல் மட்டுமே பொருளாக இருந்தது. ஆகையால், அறைச் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு முன்வாசல் வழியாக நுழையும்போது, எந்த நாட்டில் ஆனாலும், எனக்கு ஒரு கணம் தோள் நிமிரும்.

அறை எளியது. மரப்பலகைச் சுவர், இரும்புக் கட்டில், முரட்டுக் கம்பளி, சுவரில் மாட்டிய ஒரு பழைய குதிரைச் சேணம். தொலைக்காட்சி இல்லை. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு குளியலறையில் ஓர் அட்டை. கதவைத் திறந்தால் மணலும் பாறையும் புதரும், வேலிகூட இல்லை. பகலில் வெயில் உறைத்தது. மாலை சாய்ந்ததும் குளிர் எங்கிருந்தோ வந்து ஏறிக்கொண்டது. அவ்வூர் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வானத்தில் முகிலும் காற்றில் ஈரமும் இல்லாததால் பகலில் மண் வாங்கிய வெப்பத்தைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. அது நேரே வானத்துக்குப் போய்விடுகிறது. இரண்டு கம்பளிகளுக்குள் சுருண்டு கிடந்தபோது, வேனிலோடு பின்பனியையும் தொல்காப்பியர் பாலைக்கு ஏன் உரிமையாக்கினார் என்பது என் முழங்கால்களுக்கு விளங்கியது. கிள்ளானில் அந்த நூற்பாவை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் அதனை ஒரு விதிவிலக்காகவே மனப்பாடம் செய்வார்கள். வறண்ட நிலத்தில் இரவு தங்கிய ஒருவன் கண்ட உண்மை என்றே எனக்கு அது இப்போது படுகிறது.

இரவில் ஊளைச் சத்தம் கேட்டது. கொயோட்டி என்னும் ஒருவகைக் காட்டுநாய்; நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்டது. “செந்நாய்” என்றேன் நான். “எதுவாக இருந்தால் என்ன, கதவைத் தாழ்ப்பாள் போடுங்க” என்றார் துணைவியார். சிறிது நேரம் கழித்து நான் மட்டும் வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். அந்தப் பூங்காவை இருள் மாசுபடாத வானப்பகுதி என்று 2017-இல் பன்னாட்டு அமைப்பொன்று அறிவித்திருக்கிறது. கிள்ளானின் விளக்கு வெளிச்சத்தில் ஆயுளைக் கழித்தவனுக்கு அத்தனை விண்மீன்களை ஒருங்கே பார்ப்பதில் மகிழ்ச்சியோடு சிறிது அச்சமும் கலந்திருந்தது.

மறுநாள் பூங்காவுக்குள் சென்றோம். பாலை என்றதும் நம் மனம் வெற்று மணலைத்தான் கற்பனை செய்கிறது. அங்கே நான் கண்டது வெறுமையன்று, இடைவெளி. ஒவ்வொரு செடியும் அடுத்த செடியிலிருந்து விலகி நிற்கிறது. கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை. பூங்காவின் வடக்கு வாயிலில் இருக்கும் ஊருக்கு 100 மில்லிமீட்டர் அளவில்தான். நம் காட்டில் செடிகள் ஒளிக்காக ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. இங்கே ஒளிக்குப் பஞ்சமில்லை. நீருக்காக வேர்கள் மண்ணுக்கடியில் எல்லை வகுத்துக்கொண்டு நிற்கின்றன. கள்ளிகளும் பல. ஆயினும் நம் பாலைப் பாட்டுகளில் வரும் கள்ளி வேறு, இவை வேறு. நம் நாட்டுக் கள்ளி பால் வடியும் இனம். சப்பாத்திக்கள்ளி என்று தமிழ்நாட்டு வேலியோரங்களில் வளர்கிறதே, அதுதான் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியது. சங்கப் புலவர் எவரும் அதனைக் கண்டிருக்க முடியாது. தேர்வுத்தாளில் பாலைக்குச் சப்பாத்திக்கள்ளியின் படம் வரையும் மாணவருக்கு மதிப்பெண் குறைப்பதா என்னும் சிக்கலை இளைய ஆசிரியர்களிடமே விட்டுவிடுகிறேன்.

பூங்காவுக்குப் பெயர் கொடுத்த ஜோஷுவா மரம் விந்தையான உருவம் உடையது. ஆனைக் கற்றாழைக்கு உறவு. ஆனால் மரம்போல உயர்ந்து, கிளைகளை வானத்தை நோக்கி உயர்த்திக்கொண்டு நிற்கும். விவிலியத்து யோசுவா கையுயர்த்தி வழிகாட்டுவதுபோல் இருக்கிறதென்று அவ்வழி சென்ற மார்மன் மக்கள் பெயரிட்டதாகச் சொல்கிறார்கள். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே வளரும். அதன் பூவில் மகரந்தம் சேர்ப்பதற்கு ஓர் அந்துப்பூச்சி மட்டுமே உண்டு. பெண் பூச்சி மகரந்தத்தைத் திரட்டி எடுத்துச் சென்று இன்னொரு பூவில் வைத்துத் தேய்த்துவிட்டு, அந்தப் பூவிலேயே முட்டையிடுகிறது. புழுக்கள் விதைகளில் சிலவற்றைத் தின்று வளர்கின்றன, எஞ்சியவை மரத்துக்கு. பூச்சியின்றி மரமில்லை, மரமின்றிப் பூச்சியில்லை. கலித்தொகையின் பாலைப் பாட்டொன்றில், நிழலில்லாக் காட்டில் ஆண்மான் தன் உடம்பின் நிழலைத் தன் துணைக்குத் தரும் காட்சி வருவதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். அத்தகைய காட்டு வழியில் அன்பு இருப்பதாகப் பாடியது வெறும் கற்பனை நயம் என்று உரைகாரர் சிலர் கடந்து செல்வதுண்டு. எனக்கு அந்த மரத்தடியில் நின்றபோது அப்படித் தோன்றவில்லை.

இந்நிலம் காக்கப்பட்டதற்கு மினர்வா ஹொயிட் என்னும் பெண்மணி முதற்காரணம். கைக்குழந்தையாக இருந்த ஒரு மகனையும், 1918-இல் கணவரையும் இழந்தவர் அவர். அத்துயரோடு பாலைக்கு வந்து, திறந்த வெளியில் படுத்து, அங்கே ஆறுதல் கண்டார். செல்வர்கள் தம் தோட்டங்களை அழகுபடுத்தக் கள்ளிகளையும் மரங்களையும் வண்டி வண்டியாகப் பெயர்த்துக்கொண்டு போவதைக் கண்டு பொறாமல், நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் இலண்டனிலும் பாலைச் செடிகளைக் காட்சிக்கு வைத்து மக்களிடம் பேசினார். 1936 ஆகஸ்டில் அதிபர் ரூஸ்வெல்ட் அதனைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1994-இல்தான் தேசியப் பூங்கா ஆயிற்று. இந்த வரலாற்றை அறிவிப்புப் பலகையில் படித்ததும் நான் நின்றுவிட்டேன். பாலைக்கு உரிப்பொருள் பிரிதல் என்று வகுத்தவர்களின் நூலை அந்த அம்மையார் அறிந்திருக்க வழியில்லை. பிரிவுற்ற அவரது நெஞ்சு தனக்குரிய நிலத்தைத் தானே தேடிச் சென்றிருக்கிறது.

மூன்றாம் நாள் இரவு விடுதியின் தாழ்வாரத்தில் மரப்பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தோம். துணைவியார் உள்ளே உறங்கிவிட்டார். மகன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்பா, நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பித்திருக்கிறேன்” என்றான். “எப்போது?” என்று கேட்டேன். “ஜனவரியில். போனில் சொல்ல மனம் வரவில்லை.” அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றான்.

இதைக் கேட்டதும் நான் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. எனக்கு நினைவில் வந்தவர் என் பாட்டனார். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறியவர் அவர். 1926-இல் நீரில் இறங்கிய அந்தக் கப்பல் 1973 வரை தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடியது. இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் அதன் பெயரைக் கேட்டிராதவை குறைவு. மூன்று ஆண்டில் திரும்பிவிடுவேன் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாராம். முதலில் தோட்டம், பிறகு இரயில் பாதை வேலை, பிறகு பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்பு. திரும்பவேயில்லை. அந்தத் தாய் எத்தனை ஆண்டு வாசலில் நாளெண்ணிக்கொண்டிருந்தாள் என்பது எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. அவளுடைய பெயர்கூடத் தெரியாது. புறப்பட்டுப் போனவனுக்குச் சந்ததி உண்டு, கதை உண்டு. இருந்துவிட்டவளுக்கு ஒன்றும் இல்லை.

தொல்காப்பியர் நிலங்களை வகுக்கும்போது பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு திரிந்து பாலையின் வடிவைக் கொள்ளும் என்று காடுகாண் காதையில் இளங்கோவடிகள் விளக்குகிறார். ஆகவே பாலை ஓர் இடம் என்பதைவிட, எந்த இடத்துக்கும் நேரக்கூடிய ஒரு நிலை என்று கொள்ளலாம். என் பாட்டனாரின் தாய்க்கு அது நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நேர்ந்திருக்கும்; நீர் நிறைந்த நெய்தலே அவளுக்குப் பாலை. எங்களுக்கு அது சிப்பாங் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவருகே, வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், மகன் முதன்முதல் புறப்பட்ட அன்றே நேர்ந்துவிட்டது. நாங்கள்தான் அதற்கு வேறு பெயர்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்: மேற்படிப்பு என்றோம், பிறகு அனுபவம் என்றோம்.

“பொருள் தேடத்தானே வந்தாய், இருந்துகொள்” என்றேன் மகனிடம். அவன் என் மாணவனாகவும் இருந்தவன். “தலைவன் கார்காலத்துக்குள் திரும்பிவிடுவான் என்றுதானே அப்பா வரும்?” என்றான். “வரும், தேர்வுக்கு அதுதான் விடை” என்றேன். இருவரும் சிறிது சிரித்தோம். உள்ளே துணைவியார் புரண்டு படுக்கும் ஓசை கேட்டது. மரச்சுவர் மெல்லியது, அவர் எவ்வளவு கேட்டார் என்பதை நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.

நான்காம் நாள், பூங்காவின் வடக்கு வாயிலருகே உள்ள மாரா என்னும் பாலைச்சோலைக்குச் சென்றோம். நிலப்பிளவு ஒன்று நிலத்தடி நீரைத் தடுத்து மேலே எழுப்பிவிட்ட இடம் அது. விசிறிப் பனைகள் நிற்கின்றன. ஓலை நம் பனையோலை போலவே இருக்கும். காய்ந்த ஓலைகள் உதிராமல் அடிமரத்தைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்குகின்றன. முந்திய ஆண்டு, 2018 மார்ச்சில், எவனோ வைத்த தீயில் சில மரங்களின் அடி கருகிக் கிடந்தது. செர்ரானோ பழங்குடியினர் இங்கே வந்து குடியேறியபோது, ஆண் குழந்தை பிறக்கும்தோறும் ஒரு பனை நடுமாறு அவர்களுடைய மருத்துவர் சொன்னாராம். முதலாண்டில் 29 நட்டார்கள் என்றும், அருகிலுள்ள ஊருக்கு இருபத்தொன்பது பனை என்னும் பெயர் அதனால் வந்தது என்றும் கதை. அவர்களும் அங்கே நிலைக்கவில்லை. குடியேறியவர்கள் வந்தார்கள், நிலத்தடி நீரும் தாழ்ந்தது. மரங்கள் இருக்கின்றன, யாருக்காக எது நடப்பட்டது என்று சொல்வார் இல்லை.

துணைவியார் மரங்களை எண்ணிக்கொண்டே நடந்தார். “பெண் பிறந்தால் என்ன நடுவார்களாம்?” என்று கேட்டார். மகனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒரு புறா இணை சோலை ஓரத்து நீரருகே இறங்கியது; நாங்கள் அசையாமல் நின்றோம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2020 ஆகஸ்டில், அந்தப் பூங்காவுக்கு வடக்கே மொகாவிப் பாதுகாப்பு நிலத்தில் மின்னல் தாக்கி மூண்ட தீயில் 13 இலட்சம் ஜோஷுவா மரங்கள் வரை அழிந்தன என்று படித்தேன். அந்த மரங்கள் நெருப்புக்குப் பழகியவை அல்ல. பிற நாட்டிலிருந்து வந்த புற்கள் செடிகளுக்கிடையே இருந்த அந்த இடைவெளியை நிரப்பியதால் தீ தாவிச் செல்ல வழி கிடைத்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த ஆண்டில் நோய்த்தொற்றால் நாட்டெல்லைகளும் அடைபட்டிருந்தன. மகனைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தோம். அவனுடைய விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது.

விமான நிலையத்துக்குப் புறப்படும் முன்பு, கிள்ளானிலிருந்து கொண்டுவந்த மசாலைத்தூள் பொட்டலங்களையும் நெத்திலிக் கருவாட்டையும் மகனுடைய வீட்டு அலமாரியில் துணைவியார் அடுக்கி வைத்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டினார். எது எத்தனை மாதம் தாங்கும், எதைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், எதை வெயிலில் காயவைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிப் பொட்டலத்தை இறுக்கிக் கட்டி அவன் கையில் கொடுத்து, “இதை மட்டும் ஈரம் படாமல் பார்த்துக்கொள்” என்றார்.

“இங்கே ஈரம் எங்கேம்மா இருக்கு?” என்றான் மகன்.